டெக்சாஸிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடிபோகிறோம்: அம்மாவின் வாக்கு வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கொள்ளிடக்கரை (டெக்சாஸ்) · ஆகஸ்ட் 2

வணக்கம். வேலை மாற்றத்தால் இந்த மாதக் கடைசியில் பென்சில்வேனியாவுக்குக் குடிபோகிறோம். வீட்டில் நான்கு வாக்குகள்: நான், மனைவி, அம்மா, ஓஹையோவில் கல்லூரி சேரப்போகும் மகள். நானும் மனைவியும் எப்படியாவது வரிசையில் நின்று வாக்களித்துவிடுவோம். என் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு 74 வயது. கிரீன் கார்டு வாங்கி 15 ஆண்டுகள் ஆன பிறகு, 55 வயதைக் கடந்தவர்களுக்கு உள்ள சலுகைப்படி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே குடிமையியல் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் குடியுரிமை பெற்றார். உறுதிமொழி எடுத்த மண்டபத்தின் வாசலிலேயே வாக்காளர் பதிவுப் படிவம் கொடுத்தார்கள். தமிழில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

2022 மார்ச்சில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தல்தான் அவருடைய முதல் தேர்தல். டெக்சாஸில் நினைத்தவர்களெல்லாம் தபாலில் வாக்களிக்க முடியாது. 65 வயது நிரம்பியவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், வாக்குப்பதிவுக் காலம் முழுவதும் கவுண்டிக்கு (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) வெளியே இருப்பவர்கள், பேறுகாலம் நெருங்கியவர்கள் என்று சிலருக்குத்தான் அந்த வசதி. அம்மாவுக்கு வயது இருந்ததால் விண்ணப்பித்தோம், வாக்குச்சீட்டு வந்தது. சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்து, ஒவ்வொரு பெயராக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கறுப்பு மையால் கட்டங்களை நிரப்பினார். ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதற்கே போயிற்று. உறையின் மடிப்புக்குள் ஓர் எண் கேட்டிருந்தார்கள்: ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை எண், அது இல்லையென்றால் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். அடையாள அட்டை எண்ணை எழுதினோம். ஆனால் பதிவு செய்தபோது நாங்கள் கொடுத்திருந்தது அந்த நான்கு இலக்கங்களை மட்டும். தேர்தல் முடிந்த பிறகு கடிதம் வந்தது: எண் பொருந்தவில்லை, வாக்கு எண்ணப்படவில்லை.

உறையில் அந்த எண்ணைக் கேட்கும் புதிய சட்டம் 2021-இல் வந்த பிறகு மாநிலம் முழுவதும் நடந்த முதல் பெரிய தேர்தல் அது. வந்து சேர்ந்த தபால் வாக்குகளில் சுமார் 12 சதவீதம் தள்ளப்பட்டன. அம்மாவுக்கு அந்தப் புள்ளிவிவரம் ஆறுதல் தரவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வாக்களித்தது நானா, அந்த எண்ணா?" என்று கேட்டார்.

இப்போது மாநிலமே மாறுகிறது. மறுபடியும் அப்படி நடக்கக்கூடாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றுநதி (பிட்ஸ்பர்க்) · ஆகஸ்ட் 2

ஐயா, உங்கள் தாயாரின் கேள்வி மனத்தைத் தைக்கிறது. நான் இங்கே ஏழு தேர்தல்களாக வாக்குச்சாவடிப் பணியாளராக இருக்கிறேன். டெக்சாஸில் கற்றதை மறந்துவிட்டு வாருங்கள். இங்கே கதவும் வேறு, பூட்டும் வேறு.

முதலில் பதிவு. டெக்சாஸ் பதிவு உங்களோடு கூட வராது. தேர்தலுக்கு முன் குறைந்தது 30 நாட்கள் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன். டெக்சாஸில் இதே கெடு 30 நாட்கள். இணையத்திலேயே பதிவு செய்யலாம். ஆகஸ்ட் கடைசியில் வந்துவிட்டால் நவம்பருக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

அடுத்து தபால் வாக்கு. 2019-இல் வந்த சட்டத்தால் இங்கே யாரும் காரணம் சொல்லாமலே தபாலில் வாக்களிக்கலாம், வயது வரம்பு கிடையாது. விண்ணப்பம் தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள் கவுண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். வாக்கு, தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அன்றைய தேதியில் தபால் முத்திரை இருக்கிறது என்று வாதாட முடியாது.

வாக்குகள் வீணாகும் இடத்தை இனிச் சொல்கிறேன், தாயாருக்கும் படித்துக் காட்டுங்கள். இரண்டு உறைகள் வரும். சீட்டை முதலில் உள் உறைக்குள், அதாவது இரகசிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அதை வெளி உறைக்குள் வைக்க வேண்டும். உள் உறை இல்லாமல் வந்த சீட்டை எண்ணக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றமே 2020-இல் சொல்லிவிட்டது. வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அந்தத் தேதியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து வருகிறது. நீதிமன்றம் என்ன சொன்னாலும் நீங்கள் தேதியைப் போட்டுவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் நாளை முன்னால் எழுதி மாதத்தைப் பின்னால் எழுதுவார்கள். இங்கே மாதம்தான் முதலில். பிறந்த தேதியை எழுதிவிட்ட பெரியவர்களும் உண்டு. அங்கே கேட்பது கையெழுத்திடும் அன்றைய தேதி.

இன்னொன்று. அம்மாவின் உறையை மகன் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்றுதான் நாம் இயல்பாக நினைப்போம். பென்சில்வேனியாவில் கூடாது. அவரவர் வாக்கை அவரவர்தான் ஒப்படைக்க வேண்டும். உடல் இயலாதவர் மட்டும் அதற்கென உள்ள படிவத்தில் ஒருவரை நியமித்து அனுப்பலாம். ஒரு வீட்டின் நான்கு உறைகளையும் ஒருவரே கொண்டுவந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்பும்போது எனக்கே வருத்தமாக இருக்கும்.

---

செம்மண்காடு (அட்லாண்டா) · ஆகஸ்ட் 3

உறைக்கு முன்னால் பெயரைப் பாருங்கள். நம் பெயர்கள் இந்த நாட்டுப் படிவங்களுக்குள் நேராக உட்காருவதில்லை. என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர். ஓட்டுநர் உரிமத்தில் அதுவே நடுப்பெயராகி, என் சொந்தப் பெயர் இரண்டாக உடைந்து கிடந்தது. குடியுரிமைச் சான்றிதழில் எல்லாம் ஒரே வரியில். மூன்று ஆவணங்களிலும் இருப்பவன் நான் ஒருவன்தான். கணினிக்கு அது எப்படித் தெரியும்?

ஜார்ஜியாவில் 2018-இல் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்ற விதியால் 50,000-க்கும் மேற்பட்ட பதிவு விண்ணப்பங்கள் நிலுவையில் நின்றன. பெரும்பாலானவை கறுப்பின மக்களுடையவை. அதே ஆண்டு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றுவிட்ட சுமார் 3,000 பேரைக் குடிமக்கள் அல்லாதவர்கள் என்று பட்டியல் காட்டியது. காரணம், கிரீன் கார்டு காலத்தில் எடுத்த ஓட்டுநர் உரிமப் பதிவு அப்படியே கிடந்ததுதான். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தலையிட்டார். சான்றைக் காட்டினால் வாக்குச்சாவடியிலேயே வாக்களிக்க விடவேண்டும் என்று உத்தரவிட்டார்.

உங்கள் டெக்சாஸில் 2019 ஜனவரியில் நடந்ததும் இதுவேதான். 95,000 பேர்மீது சந்தேகம் என்று அறிவித்தார்கள். ஆராய்ந்தபோது அவர்களில் பல்லாயிரம் பேர் உறுதிமொழி எடுத்த குடிமக்கள். ஏப்ரலில் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள்.

ஆகவே புதுக் குடிமக்கள் அனைவருக்கும் சொல்கிறேன்: சான்றிதழ் கைக்கு வந்த வாரமே ஓட்டுநர் உரிம அலுவலகத்திலும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் போய் நிலையை மாற்றுங்கள். அம்மாவுக்குப் பென்சில்வேனியாவில் புதிய அடையாள அட்டை எடுக்கும்போது, குடியுரிமைச் சான்றிதழில் உள்ளபடி எழுத்து பிசகாமல் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

---

காத்திருப்பவன் (நியூ ஜெர்சி) · ஆகஸ்ட் 3

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இன்னும் கிரீன் கார்டுதான். சென்ற மாதம் ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தபோது திரையில் வாக்காளர் பதிவு என்று ஏதோ வந்தது. அவசரத்தில் எதை அழுத்தினேன் என்று நினைவில்லை. இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

---

மூன்றுநதி (பிட்ஸ்பர்க்) · ஆகஸ்ட் 3

தம்பி, பதறாதீர்கள். ஆனால் இதை ஒத்திப் போடவும் வேண்டாம்.

1993-இல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம்தான் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் பதிவைக் கொண்டுவந்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு அது நல்லது செய்தது, கிரீன் கார்டுக்காரர்களுக்கு மட்டும் அந்த ஒரு கேள்வி கண்ணிவெடி. 1996-இல் வந்த சட்டப்படி குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடு கடத்தவும் இடமுண்டு. வாக்களிக்காவிட்டாலும், குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஒரு படிவம் நின்றுவிட்டால் அதுவே சிக்கல். குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில் இந்தக் கேள்வி நேராகவே இருக்கிறது: எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா?

இன்றே மாநில இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் நிம்மதி. இருந்தால், எதையும் எழுதி அனுப்புவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அவர் வழியாக நீக்கச் சொல்லி, நீக்கியதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டு வீடு தேடி வந்தாலும் தொடாதீர்கள். மேரிலாந்தில் டகோமா பார்க் போன்ற சில ஊர்களிலும், சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரியத் தேர்தலிலும் குடிமக்கள் அல்லாதவர்களும் வாக்களிக்கலாம். அந்த விதி அந்த ஊர்களோடு நின்றுவிடுகிறது, நியூ ஜெர்சியில் உங்களுக்கு அது உதவாது.

---

பனிவயல் (ஃபார்கோ, வடக்கு டகோடா) · ஆகஸ்ட் 4

எங்கள் மாநிலத்தில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. 50 மாநிலங்களில் இது ஒன்றுதான் அப்படி. வீட்டு முகவரியுள்ள அடையாள அட்டையோடு போய் நின்றால் வாக்களிக்கலாம், 30 நாட்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஆற்றைத் தாண்டினால் மின்னசோட்டா. அங்கே பதிவு உண்டு, ஆனால் வாக்குப்பதிவு நாளிலேயே சாவடியில் பதிந்துகொள்ளலாம். 1970-களிலிருந்து அப்படித்தான். பாலத்தின் இந்தக் கரையில் ஒரு சட்டம், அந்தக் கரையில் இன்னொன்று.

---

பைன்மரம் (வட கரோலினா) · ஆகஸ்ட் 4

எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். தபால் வாக்குக்குக் காரணம் வேண்டாம், ஆனால் சாட்சி வேண்டும்: இரண்டு பேர் அல்லது ஒரு நோட்டரி. கூடவே அடையாள அட்டையின் நகல். விஸ்கான்சினில் ஒரு சாட்சி போதும். அலபாமாவில் காரணமும் சொல்ல வேண்டும், இரண்டு சாட்சிகளோ நோட்டரியோ வேண்டும், நகலும் வேண்டும். தனியாக வாழும் என் பெரியம்மா, வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வீட்டுக்கு வரும் நாளுக்காக ஒரு வாரம் காத்திருந்தார். கோயில் நண்பர்கள் இருவர் வந்தார்கள். காபி கொடுத்து, அவர்கள் முன்னால் கட்டங்களை நிரப்பி (அவர்கள் சீட்டைப் பார்க்கக்கூடாது, நிரப்புகிறார் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்) கையெழுத்து வாங்கினார்.

சட்டம் கடுமையாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. வாக்கு திருட்டுப் போகக்கூடாது. 2018-இல் எங்கள் மாநிலத்தின் 9-ஆம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியில் தபால் வாக்குகளில் நடந்த தில்லுமுல்லுவால் தேர்தலையே மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. சாட்சி கேட்பதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது.

---

கொள்ளிடக்கரை (டெக்சாஸ்) · ஆகஸ்ட் 4

பைன்மரம், உங்கள் பக்கத்து நியாயம் புரிகிறது. ஆனால் அந்தத் தில்லுமுல்லு செய்தது கூலிக்கு உறைகளைச் சேகரித்த கூட்டம். தண்டனை போய் விழுவது உங்கள் பெரியம்மா மேலும் என் அம்மா மேலும். நம் ஊரில் ஒரே தேர்தல் ஆணையம், ஒரே படிவம், கன்னியாகுமரியில் இருப்பவருக்கும் காஷ்மீரில் இருப்பவருக்கும் ஒரே விதி. இங்கே ஏன் அப்படி ஒன்று இருக்க முடியாது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

---

மூன்றுநதி (பிட்ஸ்பர்க்) · ஆகஸ்ட் 5

அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே அப்படி எழுதப்பட்டிருக்கிறது: தேர்தலின் நேரம், இடம், முறை ஆகியவற்றை மாநிலங்கள் வகுக்கும், காங்கிரஸ் விரும்பினால் மாற்றலாம். காங்கிரஸ் மாற்றிய இடங்களில்தான் நமக்கு நாடு முழுவதும் ஒரே பாதுகாப்பு. உங்கள் தாயாருக்கு அப்படி ஒன்று இருக்கிறது. வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு. பார்வைக் குறை, உடல் இயலாமை, எழுதப் படிக்க இயலாமை இவற்றால் உதவி தேவைப்படுபவர், தனக்கு விருப்பமான யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முதலாளியும் தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாய்க்கு மகன் துணை நிற்பது சட்டப்படியான உரிமை, எந்த மாநிலத்திலும்.

அதை உறுதிப்படுத்திய வழக்கும் நம்மவர்களுடையது. 2014-இல் டெக்சாஸின் வில்லியம்சன் கவுண்டியில் வங்காள மொழி பேசும் ஓர் இந்தியத் தாய் தன் மகனோடு வாக்களிக்கப் போனார். மகன் பக்கத்துக் கவுண்டியில் பதிவு பெற்ற வாக்காளர் என்பதால் மொழிபெயர்க்கக்கூடாது என்று நிறுத்தினார்கள். பாதி புரிந்தும் புரியாமலும் வாக்களித்துவிட்டுத் திரும்பினார் அந்த அம்மா. வழக்கு தொடர்ந்தார்கள். தீர்ப்பு வரும்போது அவர் உயிரோடு இல்லை. 2017-இல் ஐந்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (டெக்சாஸ் அடங்கிய பகுதிக்கான கூட்டாட்சி நீதிமன்றம்), மாநிலத்தின் அந்தத் தடை 208-க்கு முரணானது என்று சொன்னது.

---

கொள்ளிடக்கரை (டெக்சாஸ்) · ஆகஸ்ட் 5

இத்தனை ஆண்டுகள் இந்த மாநிலத்தில் வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தத் தாய்க்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டார்.

---

மழைக்காடு (சியாட்டில்) · ஆகஸ்ட் 6

கையெழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாரும் தபாலில்தான் வாக்களிக்கிறோம்; பக்கத்து ஓரிகன் 1998-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இந்த முறைக்கு முழுதாக மாறியது. சீட்டு தானாக வீட்டுக்கு வரும், விண்ணப்பம் வேண்டாம். ஆனால் உறையில் உள்ள கையெழுத்தைக் கோப்பில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

என் மாமியார் அடையாள அட்டையில் தமிழில் கையெழுத்திட்டிருந்தார். வாக்கு உறையில், அரசாங்கக் காகிதம் ஆயிற்றே என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி எழுதிவிட்டார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: கையெழுத்து பொருந்தவில்லை, உள்ளே உள்ள படிவத்தில் மறுபடி கையெழுத்திட்டு அனுப்புங்கள். அனுப்பினோம், வாக்கு எண்ணப்பட்டது என்று இணையத்தில் காட்டியது. திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்ததால் தப்பினோம்.

தமிழில் கையெழுத்திடுவதில் எந்தத் தவறும் இல்லை. எல்லா இடத்திலும் அதையே இட வேண்டும், அவ்வளவுதான். வயதானால் கை நடுங்கி எழுத்து மாறும். மாறினால் புதிய படிவம் கொடுத்துக் கோப்பில் உள்ளதைப் புதுப்பிக்கலாம்.

---

நூலகத்தடி (கொலம்பஸ், ஓஹையோ) · ஆகஸ்ட் 6

உங்கள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி ஊரிலேயே வாக்காளராகப் பதிய மாணவர்களுக்கு உரிமை உண்டு. டெக்சாஸின் ஒரு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் தொடர்பான வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பென்சில்வேனியா வீட்டில் அவள் ஓர் இரவுகூடத் தங்கப்போவதில்லை என்றால் ஓஹையோவில் பதிவதுதான் நேரான வழி. கெடு 30 நாட்கள். 2023-இலிருந்து இங்கே சாவடியில் புகைப்பட அடையாளம் கட்டாயம். கல்லூரி அட்டை செல்லாது, டெக்சாஸ் ஓட்டுநர் உரிமமும் செல்லாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு செல்லும். விடுதிக்குக் கிளம்பும்போது அதைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

---

நொய்யல் (கோயம்புத்தூர்) · ஆகஸ்ட் 8

பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பிவிட்ட அமெரிக்கக் குடிமகன் நான். கடைசியாக எந்த மாநிலத்தில் குடியிருந்தேனோ அந்த முகவரியின் பெயரில் இங்கிருந்தே வாக்களிக்கிறேன். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பம் என்ற ஒரே படிவத்தை அனுப்பிவிடுவேன், பதிவுக்கும் சீட்டுக்கும் சேர்த்து அது ஒன்றே போதும். 2009-இல் வந்த திருத்தத்தால் தேர்தலுக்கு 45 நாட்கள் முன்பே சீட்டை அனுப்பியாக வேண்டும். மின்னஞ்சலிலும் வாங்கலாம். திருப்பி அனுப்புவதுதான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: சில இடங்கள் மின்னஞ்சலை ஏற்கும், சில இடங்களுக்குக் காகிதம்தான் வேண்டும். சீட்டு நேரத்தில் வராவிட்டால், வேட்பாளர் பெயரை நாமே எழுதி அனுப்பும் கூட்டாட்சி மாற்றுச் சீட்டும் உண்டு. ஒரு முறை அது எனக்குக் கைகொடுத்தது.

திரும்பி வந்தவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இந்தியாவில் வாக்குரிமை தராது. இங்குள்ள பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் கிடந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள்.

---

கொள்ளிடக்கரை (இப்போது பென்சில்வேனியா) · அக்டோபர் 11

நன்றி சொல்ல வந்தேன். அம்மாவின் அடையாள அட்டை, குடியுரிமைச் சான்றிதழில் உள்ளபடியே பெயர் பதிந்து வந்துவிட்டது. அலுவலகத்தில் மின்திரையில் கையெழுத்திடச் சொன்னபோது எழுத்து ஒரு முறை கோணலாக விழுந்தது. அம்மா நிதானமாக, அழித்துவிட்டு மறுபடி போட விடுங்கள் என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டாம் முறை நன்றாக வந்தது. கவுண்டியிலிருந்து வாக்காளர் அட்டை சென்ற வாரம் தபாலில் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அதையும் வைத்துக்கொண்டார். டெக்சாஸ் பதிவை நீக்கச் சொல்லி அந்தக் கவுண்டிக்கும் எழுதிவிட்டேன். மகள் ஓஹையோவில் பதிந்துவிட்டாள்.

தபால் வாக்குக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அம்மா தடுத்தார். தபால் வேண்டாமாம். சாவடிக்கு வருவாராம், நான் பக்கத்தில் நின்று படித்துச் சொல்ல வேண்டுமாம். "சீட்டு உள்ளே போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார். முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க வைக்க எனக்கு மனம் இல்லை. ஆனாலும் அவர் சொல்வதைத் தட்ட முடியவில்லை. அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

---

மூன்றுநதி (பிட்ஸ்பர்க்) · அக்டோபர் 11

அழைத்து வாருங்கள். சாவடி காலை 7 மணிக்குத் திறக்கும், வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் 9 மணி வரை இருக்கும். 10 மணிக்கு மேல் வந்தால் வரிசை குறைவு. அந்தச் சாவடியில் அவருக்கு முதல் முறை என்பதால் அடையாளம் கேட்பார்கள், வாக்காளர் அட்டையே போதும், இருந்தாலும் மாநில அடையாள அட்டையையும் சேர்த்து எடுத்து வாருங்கள். உள்ளே நுழைந்ததும், உதவிக்கு மகன் வந்திருக்கிறான் என்று பணியாளரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், பதிந்துகொள்வார்கள். நாற்காலி கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.